கொரியா, தைவான் வளர்ந்த கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ச்சிப் பொருளாதாரம் பாடம் எடுக்கிற எவருக்கும் கருத்தரங்கக் கட்டுரைகள் மேசையில் குவிகிற பருவம் தெரியும். பாதிக்கு மேல் தென்கொரியாவைப் பற்றியவையாகவே இருக்கும். போரில் தரைமட்டமான ஒரு நாடு, ஒரே தலைமுறையில் கப்பலும் காரும் கட்டி உலகத்துக்கு விற்றது எப்படி என்ற கேள்வி யாரையும் இழுக்கும். ஆனால் பதில் என்று எழுதப்படுபவை, என் மாணவப் பருவத்தில் என் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்த அதே வரிகள். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழை எல்லாம் ஒருமுறை சரிபார்த்தால் போய்விடும், அவற்றை விட்டுவிடுகிறேன். சரிபார்த்தாலும் போகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான்கு புலிகளையும் ஒரே கூண்டில் அடைப்பது

‘கிழக்காசிய மாதிரி’ என்று எழுதியவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொரியா வெளிநாட்டில் கடன் வாங்கி, அதைச் சேபோல் எனப்படும் பெரிய குடும்பக் குழுமங்களிடம் கொடுத்து வளர்ந்தது. தைவானில் எஃகும் பெட்ரோலியமும் அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன. அவற்றிடம் மூலப்பொருள் வாங்கி ஏற்றுமதி செய்தவை பெரும்பாலும் சிறு, நடுத்தரக் குடும்பத் தொழில்கள். சிங்கப்பூர் 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, பன்னாட்டு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்து வந்தது. ஹாங்காங் சுங்கம் வாங்காத துறைமுகம். ஆனால் அங்கேயும் நிலம் அரசுடையது, மக்களில் கணிசமானோர் குடியிருந்தது அரசு கட்டிய வீடுகளில். ‘ஆசியப் புலிகள்’ என்று அழைக்கப்படும் இந்த நான்கையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால், உலகில் எங்குமே இல்லாத ஐந்தாவது நாடு ஒன்றுதான் கிடைக்கும்.

கன்பூசியப் பண்பாடு

வளர்ச்சிக்குக் காரணம் கன்பூசியப் பண்பாடு என்று எழுதுவார்கள். 1950-களிலும் அதே பண்பாடுதான் இருந்தது, வறுமையோடு. அன்றைக்குப் பின்தங்கியதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள்.

சர்வாதிகாரி இருந்தால் வளர்ச்சி வரும்

பிலிப்பைன்ஸை ஆண்ட மார்கோஸும் சர்வாதிகாரிதான். அங்கே அப்படி ஒரு வளர்ச்சி வரவில்லை.

‘அரசு உதவியது, தொழில் வளர்ந்தது’

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைப்பது இந்த ஒரு வரி. குறைந்த வட்டியில் கடன், வரிச்சலுகை, இறக்குமதித் தடை என்று பட்டியல் போட்டுவிட்டு, “ஆகவே தொழில்கள் வளர்ந்தன” என்று முடித்துவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் உண்மையில் நடந்ததுதான். ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலும் நடந்தது, பிலிப்பைன்ஸிலும் நடந்தது, அர்ஜென்டினாவிலும் நடந்தது. மானியம் எங்கும் இருந்தது. வாங்கியவரிடம் பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

கொரியாவில் அது எப்படி ஓடியது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1961 மே மாதம் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ, அந்த ஆண்டே வணிக வங்கிகளை அரசின் பிடிக்குக் கொண்டுவந்தார். 1964-இல் டாலருக்கு 130 வோன் என்றிருந்த மாற்று விகிதம் 255 ஆனது; கொரியச் சரக்கு வெளிநாட்டில் மலிவானது. 1965-இல் வைப்புகளுக்கான வட்டி 30 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. சாதாரணக் கடனுக்கான வட்டியும் கூடவே ஏறியது. ஆனால் ஏற்றுமதிக் கடன் மட்டும் ஒற்றை இலக்க வட்டியில் கிடைத்தது.

அந்தக் கடனை வாங்க என்ன வேண்டும்? எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வேண்டும். திருப்பூரில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவரின் வங்கி, பணத்துக்குத் தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் வைத்தால் கடன் உண்டு. அது இல்லாதவருக்கு அந்த வட்டி இல்லை. ஏற்றுமதியாளருக்கு நூல் விற்ற உள்ளூர் ஆலைக்கும், அந்த எல்.சி.யை அடிப்படையாக வைத்து உள்நாட்டு எல்.சி. திறந்து இதே சலுகை தரப்பட்டது. ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யும் மூலப்பொருளுக்குச் சுங்கம் இல்லை. அதிலும் சேதாரத்துக்கென்று தாராளமாக ஒரு பங்கு அனுமதிப்பார்கள். உண்மையான சேதாரம் போக மிஞ்சியதை உள்நாட்டில் நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாம். லாபம் அங்கேதான் ஒளிந்திருந்தது. அந்த லாபத்தைத் தொட, முதலில் சரக்கு கப்பல் ஏறியிருக்க வேண்டும்.

அளவுகோலாக ஏன் ஏற்றுமதி? வேலி போட்ட உள்நாட்டுச் சந்தையில் எந்தச் சரக்கும் விற்றுப்போகும். தரம் சரி, விலை நியாயம் என்று சியோலில் ஓர் அதிகாரியை நம்பவைத்துவிடலாம். நியூயார்க்கில் சட்டை வாங்குகிறவரை அப்படி ஏமாற்ற முடியாது. மாதந்தோறும் ஏற்றுமதி ஊக்குவிப்புக் கூட்டம் நடக்கும். அதிபரே தலைமை வகிப்பார், அமைச்சர்களும் தொழிலதிபர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சரக்குக்கு என்ன இலக்கு, எவ்வளவு எட்டியது, குறைந்தால் எங்கே சிக்கல் என்பதெல்லாம் அந்த மேசைக்கு வரும். 1964-இல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி, 1977-இல் 1,000 கோடி டாலரை எட்டியது.

கார்த் தொழிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1960-களில் கொரியாவின் பெரிய கார் நிறுவனம் ஹூண்டாய் இல்லை, டொயோட்டாவின் கூட்டாளியான ஷின்ஜின். 1972-இல் டொயோட்டா விலகிக்கொண்டது. ஷின்ஜினால் அதற்குப் பிறகு தலைதூக்க முடியவில்லை. அதன் பங்கு கொரிய வளர்ச்சி வங்கியின் கைக்குப் போய், அங்கிருந்து 1978-இல் டேவூ குழுமத்திடம் சேர்ந்தது. ஆலை பிழைத்தது, பழைய முதலாளி பிழைக்கவில்லை. ஹூண்டாய் 1975-இல் போனி என்ற காரைத் தயாரிக்கத் தொடங்கியது. வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ, எஞ்சின் தொழில்நுட்பம் ஜப்பானின் மிட்சுபிஷி. மறு ஆண்டே அது எக்வடோருக்குக் கப்பலேறியது. உள்நாட்டில் கூடுதல் விலை கொடுத்த கொரியர்கள்தான் அந்த ஏற்றுமதி நஷ்டத்தைச் சுமந்தார்கள்.

இதோடு மலேசியாவின் கார் நிறுவனமான புரோட்டானை வைத்துப் பாருங்கள். 1983-இல் தொடங்கியது. அதே மிட்சுபிஷி கூட்டு, உயர்ந்த சுங்கச் சுவர், பின்னால் நிற்கும் அரசு. புரோட்டானும் ஏற்றுமதி செய்தது; ஆனால் அதன் பிழைப்பு உள்நாட்டுச் சந்தையை நம்பியே இருந்தது, வெளிநாட்டில் விற்காவிட்டால் சலுகை போய்விடும் என்ற நெருக்கடி அதற்கு வரவில்லை. 2017-இல் அதன் 49.9 சதவீதப் பங்கை சீனாவின் கார் நிறுவனமான ஜீலி வாங்கியது. உதவியின் பட்டியலை மட்டும் படிக்கிறவருக்கு இந்த இரண்டு கதைகளும் ஒன்றாகத்தான் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், இந்தத் தவறு வகுப்பறையோடு நிற்பதில்லை. ஒரு தொழில் அமைப்பின் கருத்தரங்கில், “கொரியா செய்தது போல எங்களுக்கும் வட்டி மானியம் வேண்டும்” என்று ஒருவர் பேசினார். சரி, கொரியா செய்தது போல ஆண்டுக்கு ஒரு ஏற்றுமதி இலக்கு வைத்து, எட்டாவிட்டால் மானியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “சந்தை நிலவரம் நம்ம கையிலயா சார் இருக்கு?” என்றார். அரங்கமே கைதட்டியது. பிறகு அந்தப் பேச்சு அச்சில் வந்தது. இப்போது மாணவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பாதிக் கதையை நம்பி ஒரு திட்டம் வகுத்தால் போவது மக்கள் பணம்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: கொரியாவில் எல்லாமே நேர்மையாக, கணக்குப் பார்த்து நடந்தது போல எழுதுவது. 1972 ஆகஸ்ட் 3 அன்று ஒரு அவசர ஆணை வந்தது. வங்கிக்கு வெளியே நிறுவனங்கள் வாங்கியிருந்த கடனெல்லாம் ஒரே இரவில் முடக்கப்பட்டது: மூன்று ஆண்டு தவணை விலக்கு, பிறகு ஐந்து ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்தால் போதும், வட்டி மாதம் 1.35 சதவீதம். சிறுகச் சேர்த்து வட்டிக்கு விட்டிருந்தவர்களின் தலையில் கைவைத்துத்தான் கம்பெனிகள் காப்பாற்றப்பட்டன. 1985-இல் குக்ஜே என்ற பெரிய குழுமம் கலைக்கப்பட்டபோது, காரணம் கடனா அரசியலா என்ற சர்ச்சை ஓயவே இல்லை. கண்டிப்பு இருந்தது என்று எழுதுங்கள். களங்கமில்லாமல் இருந்தது என்று எழுதாதீர்கள்.

போஸ்கோவை வீரக்கதையாக்குவது

கொரியாவின் அரசு எஃகு நிறுவனமான போஸ்கோவைப் பற்றி எழுதுவது இப்படி: ‘உலக வங்கி வேண்டாம் என்றது, கொரியா கட்டிக் காட்டியது.’ உண்மைதான். ஆனால் 1973-இல் போஹாங்கில் உருக்கு ஓடியது துணிச்சலால் மட்டுமல்ல. 1965-இல், கொரியாவை முன்பு ஆண்ட ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு உறவைச் சீர்செய்தபோது வந்த பணத்தின் ஒரு பகுதியும், ஜப்பானிய எஃகு நிறுவனங்களின் தொழில்நுட்பமும் அதற்குள் இருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து கொரிய மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள் என்பதையும் சேருங்கள். மலேசியாவும் 1982-இல் பெர்வாஜா எஃகு ஆலையைத் துணிச்சலாகத்தான் தொடங்கியது. அது நஷ்டத்தில் மூழ்கியது.

நிலத்தை மறப்பது

கதையை 1962-இன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொடங்கினால் அடித்தளமே விட்டுப்போகும். ஜப்பானில் போருக்குப் பிறகும், கொரியாவில் 1950-இலும், தைவானில் 1949 முதல் 1953 வரையிலும் நிலம் உழுதவன் கைக்கு வந்தது. கொரியாவில் உச்சவரம்பு சுமார் 3 ஹெக்டேர். நிலக்கிழார்களுக்குக் கொடுத்த பத்திரங்களின் மதிப்பைப் போர்க்காலப் பணவீக்கம் தின்றுவிட்டது. தைவானில் முதலில் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். பிறகு நிலத்தை எடுத்தபோது, இழப்பீட்டில் ஒரு பகுதியை சிமென்ட், காகிதம் போன்ற அரசு நிறுவனங்களின் பங்குகளாகக் கொடுத்தார்கள். தொழில் கொள்கையைத் தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள நிலக்கிழார் வர்க்கம் அதன்பின் இல்லை. குத்தகைக்குப் போன நெல் குடியானவர் வீட்டில் தங்கியது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிலிப்பைன்ஸில் இது நடக்கவில்லை. 1960-இல் கொரியாவைவிட வசதியாக இருந்த நாடு அது.

மலிவான கூலி என்று ஒரு வரியில் தாண்டிப்போவது

கூலி எல்லா ஏழை நாட்டிலும் மலிவுதான். எழுத வேண்டியது, அந்தக் கூலிக்குள் இருந்தது யார் என்பதை. சியோலின் பியொங்வா சந்தையில், நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தைத்தார்கள். அங்கே துணி வெட்டும் வேலை செய்த ஜியோன் டே-இல், ஏற்கெனவே ஏட்டில் இருந்த தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று மட்டுமே கேட்டார். 1970 நவம்பர் 13 அன்று தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். வயது 22. 1987 கோடைக்கால வேலைநிறுத்த அலைக்குப் பிறகுதான் தொழிற்சங்கங்கள் ஊன்றி நின்றன, கூலியும் வேகமாக ஏறியது.

1997-ஐக் காட்டி எல்லாவற்றையும் அடித்துவிடுவது

‘1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது, ஆகவே அரசு வழிநடத்திய வளர்ச்சி பொய்.’ நெருக்கடி வருவதற்குள் அந்த வழிநடத்தலே தளர்ந்திருந்தது. வளர்ச்சித் திட்டங்களை வகுத்துவந்த பொருளாதாரத் திட்ட வாரியம் 1994-இல் நிதி அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. நிதிச் சந்தையைத் திறந்துவிட்டதில் குறுகிய கால டாலர் கடன் குவிந்தது. 1997 ஜனவரியில் ஹான்போ எஃகு நிறுவனம் விழுந்தது, நவம்பரில் நாடு ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) வாசலுக்குப் போனது. அன்னியச் செலாவணிக் கையிருப்பு பெரிதாகவும் குறுகிய காலக் கடன் சிறிதாகவும் வைத்திருந்த தைவானுக்கு அந்த அடி விழவில்லை. கொரியா 2001 ஆகஸ்டில் ஐ.எம்.எஃப். கடனை அடைத்து முடித்தது. இடையில், 1999-இல், இவ்வளவு பெரியதை யார் விழவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்த டேவூ உடைந்தது. ஷின்ஜினின் பழைய ஆலைக்கு மறுபடியும் வேறு முதலாளி வந்தார்.