அப்பாவின் டிரங்குப் பெட்டி: விமானப்படை ஆவணங்களுக்கு நாம் செய்யும் கெடுதல்கள்

அப்பா இந்திய விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர். 1965 போரிலும் 1971 போரிலும் பணியில் இருந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கடைசிவரை அவருக்கு ‘ஏர்போர்ஸ்காரர்’ என்றுதான் பெயர். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நல்லது செய்வதாக நினைத்து நான் முதலில் செய்தது, டிஸ்சார்ஜ் சான்றிதழை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டது.

இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு உரித்தால் எழுத்தும் கூடவே வரும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே போய்த் தங்கும், வெளியேற வழியிருக்காது. எங்கள் சான்றிதழில் முத்திரையைச் சுற்றிப் பூஞ்சை படர்ந்து, சர்வீஸ் நம்பரின் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டது. செலோ டேப், ஸ்டேப்ளர் பின் இரண்டும் கூடாது. ஒன்று மஞ்சளாகிக் கறை விடும், மற்றது துருப்பிடிக்கும். அமிலமில்லாத காகித உறை வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும், ஆனால் கஞ்சி போட்ட வேட்டித் துணி வேண்டாம். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் தீனி.

கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு உறைகளைத் தூக்கிப் போடுவது அடுத்த தவறு. போர்க்காலக் கடிதங்களில் முகாமின் பெயர் இருக்காது. ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’ என்று ராணுவ அஞ்சல் முகவரிதான் இருக்கும். அப்பாவுக்கு 1971-ல் 99, அதாவது கிழக்குப் பக்கம். அம்மா எழுதிய கடிதங்களையும் அவர் கட்டிக் கொண்டுவந்திருந்தார். 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களில் 5 பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேலேயே அந்த வாசகத்தை அச்சடித்திருப்பார்கள். தேதி போடாத ஒரு கடிதம் எந்த நாட்களைச் சேர்ந்தது என்று அந்தச் சின்ன ஸ்டாம்பே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அந்த மூலைகளையெல்லாம் அக்கா மகன் ஆல்பத்துக்காகக் கத்தரித்திருந்தான். சின்னப் பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உறையும் ஆவணம்தான் என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை.

பதக்கங்கள். ஆயுத பூஜைக்கு அம்மா அவற்றைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்குவார்; மரியாதையாகத்தான் செய்தார். ஆனால் பதக்கத்தின் விளிம்பில்தான் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். புளியும் சாம்பலும் வருஷா வருஷம் அதைத் தேய்த்தெடுத்துவிடும். மங்கலாகவே இருக்கட்டும், மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். அண்ணனுக்குப் பதக்கம், தங்கைக்குப் போட்டோ என்று பங்கு பிரிப்பதும் வேண்டாம். 1971 போருக்கான பதக்கங்களில் பூர்வி ஸ்டார் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு. பூர்வி ஸ்டாரும் 99 ஏபிஓ உறையும் ஒரே பெட்டியில் இருந்ததால்தான் அப்பா சொன்ன கதைகளுக்கு எங்களால் ஊரும் மாதமும் பொருத்த முடிந்தது.

பெட்டியைத் தரையில் வைத்தால் கறையான், பரணில் வைத்தால் ஓட்டுச் சூடும் ஒழுக்கும். உள்ளறையில் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். 2018 கஜா புயலில் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் பெட்டிகள் நனைந்தன. நனைந்த காகிதத்தை வெயிலில் போடாதீர்கள், முறுகிச் சுருண்டுவிடும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்காதீர்கள். உடனே கவனிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நகல் என்று நம்ப வேண்டாம்; அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும். ஸ்கேனரில் காகிதத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), போட்டோவுக்கு 600, பின்பக்கமும் சேர்த்து. பின்பக்கம் பெயர் எழுதுவதானால் பென்சிலால் மட்டும்.

விவரங்களைப் படியெடுக்கும்போது ‘திருத்தாமல்’ எழுதுங்கள். மன்னார்குடிக்காரரின் தாளில் தஞ்சாவூர் ஜில்லா என்றிருக்கும். 1991-க்கு முன் அதுதான் சரி. விமானப்படைத் தாள்களில் அப்பா பெயரின் இனிஷியலை விரித்து, எங்கள் தாத்தா பெயரையே குடும்பப் பெயர்போல எழுதியிருந்தார்கள். நான் இனிஷியலாக மாற்றி எழுதி வைத்தேன், விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதும் நேரத்தில் அது குழப்பமாகிவிட்டது.

விமானப்படையின் ஏர்மேன்களுக்கான (அதிகாரி அல்லாத படையினருக்கான) ஆவண அலுவலகம் டெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கிறது. அங்கே எழுத சர்வீஸ் நம்பர் முக்கியம். எங்கள் சான்றிதழைப் பூஞ்சை தின்றிருந்தது, பதக்க விளிம்பைப் புளி தின்றிருந்தது. 15 வருஷம் முடியுமுன் வெளியே வந்தவர் என்பதால் அப்பாவுக்குப் பென்ஷன் புத்தகமும் கிடையாது. அண்ணன் அந்தத் தீபாவளிக்குப் பெட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க டப்பா வாங்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் மூடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன். வெள்ளைப் பெயிண்டில், அப்பாவின் கையெழுத்தில், நம்பர் முழுசாக இருந்தது.