பெரிய வகுப்பும் சின்ன வகுப்பும் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்

ஏழாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே புராஜெக்டில் சேர்த்தால், பெரிய பிள்ளைகளே வேலையை முடித்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் சின்னப் பிள்ளை இல்லாமல் நகராத வேலையாகக் கொடுங்கள். கதைப் புத்தகம் அருமையான தேர்வு. சின்னவர் கதை சொல்லிப் படம் வரையட்டும், பெரியவர் அதை அந்தக் குழந்தையின் சொற்களிலேயே எழுதட்டும். கதையைத் திருத்தக் கூடாது. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கலாம், அவ்வளவுதான். இப்படிக் கேட்கவும், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும் பெரிய பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். ஜோடியை மட்டும் வாராவாரம் மாற்றாதீர்கள். கூச்சமுள்ள குழந்தை வாய் திறக்கவே நாளாகும். அட்டையில் இருவர் பெயரும் வரட்டும், சின்னவர் பெயர் முதலில்.