மிஷன் முடிந்ததும் எழுதும் அறிக்கை: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்

'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' போன்ற ஃபிளைட் சிமுலேட்டரில், அதாவது கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டில், ஒரு மாலை முழுவதும் பலர் இரு அணிகளாகப் பிரிந்து ஒரு மிஷனில் சண்டையிடுகிறார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் நடந்ததை எழுதுகிறார். படித்து முடித்தால் அவர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பது மட்டும் தெரியும். குண்டுவீச்சு விமானங்கள் இலக்கை எட்டினவா, எந்தப் பக்கம் நினைத்ததைச் சாதித்தது என்பதெல்லாம் தெரியாது. ஒரு காக்பிட்டின் (விமானி அறையின்) கண்ணாடி வழியே தெரிந்ததுதான் முழுப் போர் என்று எழுதுவது முதல் தவறு.

அதற்கு மருந்து, திட்டத்தை முதலில் சொல்லிவிடுவது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரிட்டனை வானிலிருந்து தாக்கிய 1940 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனாக அமைக்க அருமையான நாள். லண்டனுக்குத் தெற்கே உள்ள கென்லி விமானத்தளத்தை ஜெர்மானியர்கள் மூன்று அலைகளாகத் தாக்குவதாக ஏற்பாடு. யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்கள் முதலில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட வேண்டும். அடுத்து டோர்னியர் 17 என்ற வேறு வகைக் குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலிருந்து போட வேண்டும். அந்தக் குழப்பத்தில் ஒன்பது டோர்னியர்கள் மரங்களை உரசுவதுபோலத் தாழப் பறந்து வந்து மிச்சத்தை முடிக்க வேண்டும். ஆனால் பிரான்ஸின் மீது மேகம் மூடியிருந்ததால் மேலே வர வேண்டியவர்கள் அணிசேரத் தாமதமானது. கடைசியாக வர வேண்டிய ஒன்பது பேர் முதலில் வந்து, விழித்திருந்த பீரங்கிகளின் முன் மாட்டிக்கொண்டார்கள். இந்த வரிசை மாறியது வாசகருக்குத் தெரியாவிட்டால், தாழப் பறந்தவர்களின் இழப்பு வெறும் துரதிர்ஷ்டமாகத்தான் தோன்றும். உங்கள் மிஷனிலும் ஏதோ ஓர் இடத்தில் திட்டம் நழுவியிருக்கும். அறிக்கை அங்கேதான் நிற்க வேண்டும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அடுத்த தவறு: பின்னால் தெரிந்ததை அப்போதே தெரிந்ததாக எழுதுவது. "சூரியன் பக்கத்திலிருந்து இரண்டு மெஸ்ஸர்ஷ்மிட் 109 இறங்குவதைக் கண்டு இடப்புறம் ஒடித்தேன்" என்று ஜெர்மன் சண்டை விமானங்களைச் சந்தித்த ஒருவர் எழுதுகிறார். உண்மையில் அவர் ஒன்றையும் காணவில்லை. இறக்கையில் குண்டு பட்ட சத்தம் கேட்டு ஒடித்தார். அந்த இரண்டு விமானங்களையும் மறுநாள் விளையாட்டின் பதிவை ஓட்டிப் பார்க்கும்போதுதான் கண்டார். பதிவில் எல்லாருடைய இடமும் தெரியும். வானில் யாருக்கும் தெரியாது. அதனால் பதிவைத் திறக்கும் முன் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே எங்கே பிளவு விழுகிறதோ அங்கேதான் சுவையான கதை இருக்கும். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களில் (விமானப்படைப் பிரிவுகளில்) இதற்கென்றே உளவுப் பிரிவு அதிகாரி ஒருவர் இருந்தார். விமானி தரையிறங்கியதும் நினைவு கலையும் முன் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வார்.

அப்படி எழுதியும் கணக்கு தப்பியது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்ததாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை 60-ஐ ஒட்டியது. பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே குண்டுவீச்சு விமானத்தை நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து சுட்டால், அது விழுவதை நான்கு பேரும் பார்ப்பார்கள். நால்வரும் தங்கள் கணக்கில் எழுதுவார்கள். நம் மிஷன்களிலும் இதே கதைதான். "அழிந்தது", "அழிந்திருக்கலாம்", "சேதமுற்றது" என அன்றைய விமானப்படை வைத்திருந்த மூன்று பிரிவுகளை நாமும் வைத்துக்கொள்ளலாம். புகைவிட்டபடி மேகத்துக்குள் மறைந்த விமானம் நிச்சயமாக முதல் பிரிவில் சேராது. யார் யாரை வீழ்த்தினார் என்று விளையாட்டின் சர்வர் தரும் பட்டியல் இருக்கிறதே என்பீர்கள். கடைசி அடி யாருடையது என்பதை வேண்டுமானால் அது சொல்லும். அந்த விமானத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்து விரட்டியவரின் உழைப்பு அதில் பதியாது.

"அவன் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினான், தப்பிவிட்டான்" என்று ஒரே வரியில் தாண்டிப்போவதும் தவறே. ஏன் தப்பினான்? பிரிட்டனின் சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் சட்டெனக் குப்புறப் பாய்ந்தால் அவற்றின் மெர்லின் எஞ்சினின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் ஒரு கணம் அடங்கும். 109-இன் டைம்லர்-பென்ஸ் எஞ்சினுக்குப் பெட்ரோல் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் வடிவமைத்த சிறு உலோகத் துண்டு 1941-இல் வந்த பிறகே பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஓரளவு நிம்மதி. இதேபோல, லண்டன் மீது 109-க்குப் பத்து நிமிடம் அளவே சண்டையிட எரிபொருள் இருந்தது; ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளுக்கும் சுமார் 15 விநாடிக்கான குண்டுகளே இருந்தன. பாதியில் திரும்பியவரைக் கோழை என்று எழுதும் முன் அவருடைய எரிபொருள் முள்ளைக் கேட்டுப் பாருங்கள்.

அலகுகளில் ஒரு வழியைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் காக்பிட் அடியும் மைலும் காட்டும். ஜெர்மன் காக்பிட் மீட்டரும் கிலோமீட்டரும் காட்டும். இரு அணியினரின் குறிப்புகளையும் அப்படியே ஒட்டினால் 5,000-இல் பறந்தவர் 15,000-இல் பறந்தவருக்குக் கீழே இருந்ததாகத் தோன்றும். உண்மையில் அவர்தான் மேலே இருந்தார். நேரமும் அப்படியே: அந்தக் கோடையில் ஜெர்மன் கடிகாரம் பிரிட்டிஷ் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. மிஷன் கடிகாரம் ஒன்றையே பின்பற்றினால் தலைவலி இல்லை.

இணைய இணைப்பின் மீது பழிபோடுவது நியாயமான நேரங்களும் உண்டு. உங்கள் திரையில் எதிரி நிற்கும் இடமும் அவன் திரையில் அவன் நிற்கும் இடமும் சற்றே வேறுபடலாம். ஒரு முறை சொல்லலாம். பத்திக்குப் பத்தி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கென்லியில் மெய்யாகவே மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதனால் எரியும் விமானங்களைப் பற்றிய கேலிகளைக் குரல் அரட்டையோடு விட்டுவிடுவது நல்லது.

எதிரணியில் ஒருவரிடம் இரண்டு பத்தி எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். ஓடுபாதையிலேயே மோதி, சண்டையைப் பார்க்காமலே போனவரையும் விட்டுவிடாதீர்கள். மூவர் பறக்க வேண்டிய பிரிவில் இருவர் மட்டுமே இருந்ததும், பின்புறத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போனதும் அவரால்தான்.