கோவாலாவைப் பார்த்தால் பதிவு செய்வது எப்படி, அதை வைத்து வாதாடுவது எப்படி

சிட்னிக்குத் தென்மேற்கே கேம்பல்டவுன், ஆப்பின் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் கோவாலாவைக் கண்டதும் செய்வது ஒன்றுதான்: படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. ஊரிலிருந்து பெரியம்மா இதயக் குறி அனுப்புவார். அத்துடன் விஷயம் முடிந்துவிடும். பிறகொரு நாள் அந்தக் காட்டோரத்தில் மனை பிரிக்க விண்ணப்பம் வரும். அறிக்கை எழுத உட்காரும் சூழலியல் ஆலோசகர் முதலில் திறப்பது பயோநெட் என்ற நியூ சவுத் வேல்ஸ் அரசின் உயிரினத் தரவுத்தளத்தை. அங்கே வரைபடத்தில் பதிவுப் புள்ளி இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த கோவாலா கணக்கில் வராது.

2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகிய மூன்றிலும் கோவாலா அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று மத்திய அரசு அறிவித்தது. இப்படியே போனால் 2050-க்கு முன்பே நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் கோவாலா இருக்காது என்று மாநில நாடாளுமன்றக் குழு 2020-லேயே எழுதிவிட்டது. காடழிப்பு, சாலை, நாய், தீ, கிளமிடியா நோய் என்று காரணங்கள் தெரிந்தவைதான். அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. பதிவுக்கான செயலியைக் கைபேசியில் நிறுவுவது, கணக்குத் தொடங்குவது போன்றவற்றையும் விட்டுவிடுகிறேன். ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவருக்கு அதெல்லாம் பெரிய வேலை இல்லை.

படி 1: தரையைப் பாருங்கள்

அண்ணாந்தபடியே நடந்தால் கழுத்து வலிக்குமே தவிர கோவாலா தென்படாது. முதலில் மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நான் முதலில் போவது கிரே கம் என்ற யூகலிப்டஸ் வகை மரத்தடிக்கு. வழவழப்பான சாம்பல் பட்டை. அது உரிந்த இடத்தில் ஆரஞ்சு நிறம். அதில் நகக் கீறல்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் போசம் என்ற மரமேறும் சிறு விலங்கும் உடும்பும் அதே மரத்தில்தான் ஏறுகின்றன, ஆகவே கீறலை மட்டும் நம்பாதீர்கள்.

அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் சருகை விலக்கிப் புழுக்கையைத் தேடுங்கள். ஆட்டுப் புழுக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. கோவாலாவினுடையது சற்று நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். புதியது பச்சை கலந்த பழுப்பில் மினுமினுக்கும். குச்சியால் உடைத்தால் உள்ளே இலை நைசாக அரைபட்டிருக்கும். முகர்ந்தால் நீலகிரித் தைல வாடை. போசத்தின் புழுக்கைக்கு இந்த ஒழுங்கான வடிவம் கிடையாது. ஆய்வாளர்களும் இப்படித்தான் தேடுகிறார்கள், ஒரு மரத்தை மையமாக வைத்து 30 மரங்களின் அடியில்.

புழுக்கை புதிது என்றால் இப்போது அண்ணாந்து கிளைக் கவட்டைகளைப் பாருங்கள். விலங்கு தென்படாவிட்டாலும் கவலையில்லை. புழுக்கையின் அருகே பத்து சென்ட் நாணயத்தை வைத்து எடுத்த படமும் பதிவுதான். வசந்த கால இரவுகளில் ஆண் கோவாலா எழுப்பும் உறுமலைக் கைபேசியில் பிடித்தால் அதுவும் பதிவுதான். காட்டுப்பன்றி என்று பயந்து ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள்.

படி 2: மூன்று படம் போதும்

விலங்கு, முழு மரம், பட்டை. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், மரத்தைத் தட்டி எழுப்ப வேண்டாம்.

படி 3: இடத்தைச் சரியாகக் குறிப்பது

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். என்னை வெகுநாள் அலைக்கழித்தது இது. நான் பார்த்தவரை, பயனில்லாமல் போகும் பதிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

கைபேசி குறிப்பது நீங்கள் நின்ற இடத்தை. கோவாலா இருந்த மரத்தை அல்ல. நடைபாதையில் நின்று ஓடைக்கு அந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளியுள்ள மரத்தைப் படம் எடுத்தால், புள்ளி நடைபாதையில், அதாவது மாநகராட்சியின் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் விழும். மனை போடப்போவதோ ஓடைக்கு அந்தப் பக்கம். "கோவாலா பக்கத்து நிலத்தில்தான் இருக்கிறது, எங்கள் மனையில் இல்லை" என்று மனை போடுபவர் தரப்பு சொல்ல அந்த நூறு மீட்டர் போதும். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, புள்ளியை அந்த மரத்தின் உச்சி மீதே இழுத்து வையுங்கள். மரத்தருகே போக முடிந்தால் இன்னும் நல்லது: அங்கே நின்று பட்டையைப் படம் எடுத்தால் சரியான இடம் தானாகவே பதிந்துவிடும். துல்லியம் எத்தனை மீட்டர் என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 50 மீட்டர் என்று உள்ளதைச் சொல்லும் பதிவு, 5 மீட்டர் என்று பொய் சொல்லும் பதிவை விட வலுவானது.

அடுத்தது வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு அழிந்துவிடும். நண்பர் எடுத்ததைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, அவரையே பதிவு செய்ய வைப்பது.

மூன்றாவது, ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுச் செயலியில் இடத்தை மறைக்கும் வசதி. கொல்லைப்புறத்தில் பார்த்த கோவாலாவுக்கு வீட்டு முகவரி தெரியக்கூடாதே என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மறைத்ததும் புள்ளி 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்காவது போய் விழும். வடக்கு தெற்காக அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர்! கேம்பல்டவுன் பக்கத்துக் கென்ட்லினில் பார்த்த கோவாலா வரைபடத்தில் ஏதோ ஒரு வணிக வளாகத்தின் கூரை மேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளியை வைத்து எந்த மனையைப் பற்றியும் பேச முடியாது. வீட்டுத் தோட்டத்துப் பதிவுகளை ஐநேச்சுரலிஸ்டில் மறைத்தே வையுங்கள், துல்லியமான இடத்தோடு அரசுத் தளத்தில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். குறிப்பில் மற்றப் பதிவின் எண்ணையும் எழுதினால், ஒரே விலங்கு இரண்டாக எண்ணப்படாது.

படி 4: எந்தச் செயலி

காட்டில் நடக்கும்போது எனக்குப் பிடித்தது ஐநேச்சுரலிஸ்ட். புழுக்கை, ஒலி, படம் எல்லாவற்றையும் ஏற்கும்; நீங்கள் சொன்னதை வேறொருவர் உறுதிப்படுத்துவார்; உறுதியானவை ஆஸ்திரேலிய உயிரின வரைபடத் தளத்துக்குப் போய்ச் சேரும். நியூ சவுத் வேல்ஸ் அரசின் 'ஐ ஸ்பை கோவாலா' எளிமையானது, கோவாலா ஒன்றுக்கே ஆனது. வயதான பெற்றோருக்கு அதைக் காட்டிக்கொடுங்கள். பயோநெட்டில் நேரடியாகவும் பதியலாம், ஆனால் அதன் படிவம் பொறுமையைச் சோதிக்கும். பிரிஸ்பேன் பக்கம் இருப்பவர்களுக்குக் குயின்ஸ்லாந்து அரசின் கியூவைல்ட்லைஃப். முகநூல் குழுக்களைப் பதிவு என்று நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

படி 5: நோயுற்றது, அடிபட்டது

பகலில் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, கண் சிவந்து வீங்கியிருந்தாலோ, பின்புறம் ஈரமாகிக் கறைபட்டிருந்தாலோ முதலில் வயர்ஸ் மீட்பு அமைப்பை 1300 094 737 எண்ணில் அழையுங்கள். பதிவெல்லாம் பிறகு. சாலையில் இறந்து கிடப்பதையும் பதியுங்கள். பார்க்கச் சகிக்காது என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆப்பின் சாலைக்கு வேலியும் சுரங்கப் பாதையும் கேட்டவர்களின் கையில் இருந்த ஆதாரத்தில் இந்தச் சாவுக் கணக்கும் உண்டு.

படி 6: வாதாடுவது

மாநகராட்சி இணையதளத்திலும் மாநிலத் திட்டமிடல் தளத்திலும் உங்கள் பகுதிக்கு வரும் விண்ணப்பங்களை அவ்வப்போது பாருங்கள். கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 14 முதல் 28 நாள்தான் கிடைக்கும். யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் எழுதுங்கள், உங்கள் சொந்த வரிகளில்: பதிவு எண்கள், தேதிகள், மனை எல்லையிலிருந்து தூரம், வெட்டப்படப்போகும் மரங்களில் உணவு மரங்கள் எவை.

அதோடு இரண்டு எண்களைச் சேருங்கள். முதலாவது 18. கோவாலா வாழிடப் பாதுகாப்புக்கான மாநில விதியின்படி, மிகப் பொருத்தமான வாழிடம் என்று தகுதியுள்ளவர் மதிப்பிட்ட நிலத்தில் கடந்த 18 ஆண்டுகளுக்குள் கோவாலா பதிவாகியிருந்தால், அது முக்கிய வாழிடத்தின் இலக்கணத்துக்குள் வருகிறது. இன்று நீங்கள் வைக்கும் புள்ளிக்கு அத்தனை ஆயுள். இரண்டாவது, 390 முதல் 425 மீட்டர். கேம்பல்டவுன் கோவாலாக்கள் நடமாடும் வழித்தடங்களுக்கு இந்தச் சராசரி அகலம் வேண்டும் என்று மாநிலத் தலைமை விஞ்ஞானி அலுவலகத்தின் நிபுணர் குழு 2020-ல் சொன்னது. வரைபடத்தில் வழித்தடம் இதைவிடக் குறுகும் இடத்தை அளந்து காட்டி, ஏன் குறைத்தீர்கள் என்று கேளுங்கள். "கோவாலா பாவம்" என்ற வரிக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. அளந்து கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கேமராவில் பார்த்த தேதி ஒருநாள் முன்னதாகக் காட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊருக்குப் போய்வந்தபின் கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே நின்றிருக்கிறது. சிட்னி நான்கரை மணி நேரம் முன்னால், கோடை நேரத்தில் ஐந்தரை. அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த படம் முந்தின நாளுக்குப் போய்விடும். கைபேசிக்கு இந்தத் தொல்லை இல்லை.

விலங்குக் காட்சிச்சாலையில் எடுத்த படத்தையும் போடலாமா? போட்டால் காட்டில் வாழ்வதல்ல என்று குறித்தாக வேண்டும். போடாமலிருப்பதே நல்லது.

வெயிலில் தவிக்கும் கோவாலாவுக்குப் பாட்டிலால் நீர் புகட்டலாமா? கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மரத்தடியில் கிண்ணத்தில் வைத்துவிட்டு விலகுங்கள்.

அதிகம் வந்த கேள்வி: நான் தற்காலிக விசாவில் இருக்கிறேன், ஆட்சேபம் எழுதலாமா? தாராளமாக. கருத்துத் தெரிவிக்கக் குடியுரிமை கேட்பதில்லை. அரசியல் நன்கொடை பற்றிய கட்டத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால்தான் சொல்ல வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். மாநிலச் சட்டப்பேரவைக்கான மின்மனுவிலும் நியூ சவுத் வேல்ஸில் வசிப்பவர் கையெழுத்திடலாம். 20,000 கையெழுத்து சேர்ந்தால் அவையில் விவாதம் நடக்கும்.