தமிழ்ப் பள்ளியில் வழிகாட்டி நாயைப் பற்றிச் சொல்வது எப்படி

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு, கண் தெரியாதவர்களைக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து மண்டபத்தில் காத்திருக்கும் தாய் தகப்பன்மாரில் கடை வைத்திருப்பவர்கள், பெற்றோல் செற்றில் நிற்பவர்கள், மினிகேப் (வாடகைக் கார்) ஓடுபவர்கள் எல்லாரும் இருப்பார்கள். கண் தெரியாமல் நாயோடு வருகிற என்னை வாசலில் மறிக்கவோ உள்ளே விடவோ போகிறவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கும்.

நாய்க்குப் பயந்த பிள்ளைகள், ஒவ்வாமை உள்ளவர்கள் யார் யார் என்று அதிபரிடம் முதலே கேளுங்கள். அவர்களைக் கதவடியில் இருத்தி, நாயை மறுகரையில் படுக்க வையுங்கள். "கடிக்காது, வந்து தொடு" என்று ஒருவரையும் இழுக்காதீர்கள். ஊரில் நாய் முற்றத்தில் நின்று குரைக்கிற காவல்காரன். அந்தப் பயம் ஒரு மணித்தியாலத்தில் போகாது, போக வேண்டியதும் இல்லை. பயந்தவராலும் கடைக் கதவைத் திறந்துவிட முடியும்.

வரலாற்றுக்கு இரண்டு வசனம் போதும்: பிரித்தானியாவில் இது 1931இல் லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள வாலசியில் நான்கு ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களோடு தொடங்கியது. ஃபிளாஷ், ஜூடி, மெட்டா, ஃபோலி என்று பெயர்களைச் சொன்னால் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு கதிரைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு நடந்து காட்டுவேன். "வழி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் எல்லாரும் "நாய்க்கு" என்பார்கள். இல்லை. இடமா வலமா என்று சொல்வது நான். தடையை விலத்துவதும் தெருக்கரையில் நிற்பதும் அதன் வேலை. சிக்னல் விளக்கைப் பார்த்து அது கடக்காது. வாகனச் சத்தம் கேட்டு நான்தான் முடிவெடுக்கிறேன். அந்த நேரம் ஒருவர் விசிலடித்தால் அதன் கவனம் சிதறும், ஆபத்து எனக்கு. இடைவேளையில் ரோல்ஸ் துண்டு நீட்ட ஒரு அன்ரி கட்டாயம் வருவா. அதற்கு முன்பே இதைச் சொல்லி முடியுங்கள்.

உதவி கேட்பதை நடித்தே காட்டுங்கள். நாய் என் இடப்பக்கம் நடக்கும். அதனால் வலப்பக்கமாக வந்து, "அக்கா, உதவி வேணுமோ?" என்று என்னைக் கேட்க வேண்டும். நாயைப் பார்த்துக் கதைக்கிற பெரியவர்கள் எக்கச்சக்கம்!

சட்டத்தைக் கடைசியில் வையுங்கள், ஆனால் மழுப்பாதீர்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மினிகேப்காரர் நாயை ஏற்றத்தான் வேண்டும், அதற்கென்று மேலதிகக் காசு வாங்கவும் கூடாது. மருத்துவக் காரணம் இருந்தால் விலக்குச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் மறுத்தால் 1,000 பவுண் வரை தண்டம். மயிர் கொட்டும் என்பார்கள். கொட்டும்தான், ஆனால் அது சாட்டு இல்லை. காது கேளாதவர்களின் நாய் பர்கண்டி நிற அங்கி போட்டு வரும். "உங்களுக்குக் கண் தெரியுதே" என்று அவர்களை மறிக்கக் கூடாது.

"கோயிலுக்குள்ள விடுவினமோ?" என்ற கேள்வி வந்தே தீரும். வாதாடாதீர்கள். 2008இல் லெஸ்டரில் ஒரு பள்ளிவாசல், தொழ வந்தவரின் நாய் தங்க வாசலடியில் இடம் ஒதுக்கியதைச் சொல்லி, நிர்வாகத்தோடு கதைக்க வரச்சொல்லுங்கள்.

போகும்போது "உதவி நாய்கள் வரலாம்" என்ற ஸ்டிக்கர் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கொடுத்து, கதவில் ஏற்கனவே இருக்கும் "நாய்களுக்கு அனுமதியில்லை" அறிவித்தலுக்கு நேர் கீழே ஒட்டச் சொல்லுங்கள்.