கிராம சபைக்கு இளைஞர் குழுவாகச் செல்வது எப்படி?

ஊராட்சித் தேர்தலில் போட்டியிடுவதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் கிராம சபையில் எழுந்து பேசுவதற்கும் தீர்மானம் முன்மொழிவதற்கும் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அதற்கு 18 வயதே எல்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. எனினும் இளைஞர்கள் தனித்தனியாக வந்து, பின்வரிசையில் நின்று, கையெழுத்திட்டுத் திரும்பினால் அந்த ஆறு நாட்களால் ஊருக்குப் பெரிய பயன் விளையாது. முன்கூட்டியே கூடிப் பேசி, ஒரே கோரிக்கையை எழுத்தில் கொண்டுவரும் குழுவின் பேச்சுக்கே சபையில் எடை உண்டு.

முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள் இப்போது 18 வயதைக் கணக்கிடும் தகுதி நாளாகக் கொள்ளப்படுவதாலும், 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 அளிக்க முடிவதாலும், கல்லூரியில் சேரும் வயதிலேயே பெயரைச் சேர்த்துவிடலாம். 18 வயது நிறையாதவர்களையும் ஒதுக்க வேண்டாம். தகவல் திரட்டும் வேலையில் அவர்களே பெரும்பாலும் சுறுசுறுப்பானவர்கள்.

குழுவில் எட்டுப் பத்துப் பேர் போதும். ஆனால் அவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். ஊர்த் தெருவின் இளைஞர்கள் மட்டும் சேர்ந்தால், அவர்கள் எதைக் கேட்டாலும் அது அந்தத் தெருவின் கோரிக்கையாகவே பார்க்கப்படும். ஆதிதிராவிடர் குடியிருப்பும் தொலைவிலுள்ள குக்கிராமமும் மீண்டும் விடுபட்டுப்போகும். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதையும், பெண்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். குழு கூடும் இடமும் நேரமும் பெண்கள் தயக்கமின்றி வந்துபோகக்கூடியவையாக இருப்பது அவசியம்.

கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஊரைச் சுற்றி வாருங்கள். குடிநீரை எடுத்துக்கொண்டால், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, அதை எத்தனை வீடுகள் நம்பியிருக்கின்றன, மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதியாக எது எழுதப்பட்டிருக்கிறது என்பனவற்றை ஒரு வாரம் தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். 'தண்ணீர் சரியாக வருவதில்லை' என்று சொன்னால், பார்க்கிறோம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். குறித்துவைத்த நேரமும் வீடுகளின் எண்ணிக்கையும் கையில் இருந்தால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது.

அந்தத் தகவலைத் தீர்மான வடிவில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "வடக்குத் தெருவின் 42 வீடுகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரமே குடிநீர் கிடைப்பதால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து அத்தெருவுக்குத் தனிக் குழாய் பதிக்கும் பணியைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க இச்சபை தீர்மானிக்கிறது." இடம், பயனாளிகள், பணி, அது சேர வேண்டிய திட்டம் (ஊராட்சி ஆண்டுதோறும் தன் பணிகளுக்காகத் தயாரிப்பது) ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. தனிநபர் மீதான குற்றச்சாட்டை இதனுடன் கலந்தால் கூட்டம் அந்தச் சண்டையிலேயே முடிந்து, குழாய் மறந்துபோகும். பணம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்து வையுங்கள். மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவது குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே வரையறுக்கப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை அறிந்து கேட்கும் கோரிக்கையை நிதியில்லை என்று தள்ளிவிடுவது கடினம். எழுதியதன் ஒரு படியைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, தலைவரின் பதவிக்காலம் முடிந்த இடங்களில் அவருக்குப் பதிலாக நிர்வகிக்கும் தனி அலுவலரிடமோ கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கக் கேளுங்கள்.

கூட்ட நாளில் வருகை எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தாக வேண்டும். வீடு வீடாகச் சென்று ஆட்களை அழைத்து வருவது இளைஞர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. கோரிக்கையை ஒருவர் முன்மொழிய, வேறு குடியிருப்பைச் சேர்ந்தவர் வழிமொழியட்டும். பெரியவர்கள் குறுக்கிட்டால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். எழுதப்படாத பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம்.

இதற்குப் பின்தான் பல குழுக்கள் கலைந்துவிடுகின்றன. உண்மையில் பாதி வேலை இங்குதான் இருக்கிறது. ஓரிரு வாரத்தில் ஊராட்சிச் செயலரிடம் தீர்மான நகலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். நகலை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வையுங்கள். அடுத்த கிராம சபையில் குழுவின் முதல் கேள்வி, சென்ற முறை நிறைவேற்றிய தீர்மானம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதாகவே இருக்கட்டும்.