‘ஐ சென்ட்’டா, ‘ஐ ஹேவ் சென்ட்’டா?

அலுவலக மின்னஞ்சல் எழுதும்போதெல்லாம் என்னைத் தயங்க வைத்த இடம் இது. இலக்கண அட்டவணைகளை மனப்பாடம் செய்தும் தெளியவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: முடிந்துபோன நேரம் எதையாவது வாக்கியத்தில் சொல்கிறேனா?

‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சிம்பிள் பாஸ்ட், அதாவது சாதாரண இறந்தகாலம்தான்: ‘ஐ சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே’. இங்கே ‘ஹேவ்’ வராது. நேரத்தைச் சொல்லாமல், அதன் விளைவு இப்போது முக்கியம் என்றால் ‘ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல்’. ஃபைல் உங்களிடம் வந்துவிட்டது, பாருங்கள் என்பதுதான் அதில் செய்தி. ‘டுடே’ மட்டும் கொஞ்சம் வழுக்கும். நாள் இன்னும் முடியாததால் இரண்டுமே வரலாம்.

அப்புறம், ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ வந்தால் பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ்’ சேர்ப்பார்கள். அமெரிக்கர்களுக்கு ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’ இயல்பானது. அதைத் தவறென்று திருத்துவது நியாயமில்லை.

‘ஹேட்’ வேறு கதை. ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், நான் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ‘ஹேட்’டை எடுத்துவிட்டால், நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியதாக அர்த்தம் மாறிவிடும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் வரிசை தெளிவாகவே தெரியும். அங்கே பெரும்பாலும் ‘ஹேட்’ தேவைப்படாது.